பழைய ஸ்டெர்லிங் ஸ்பூன், ஃபோர்க் உருக்கக் கொடுத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மயிலைவாசி

2025 அக்டோபரில் சென்னையில் பார் வெள்ளி கிலோ இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அதிலிருந்து வீட்டுக்கு வீடு பரணில் கிடந்த வெள்ளியெல்லாம் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. குத்துவிளக்கு, பஞ்சபாத்திரம், கொலுசு என்றால் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்து ஸ்டெர்லிங் வெள்ளி ஸ்பூன், முள்கரண்டி செட் வைத்திருப்பவர்களுக்குத்தான் விவரம் கிடைப்பதில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

பெரியப்பா ஒரு இங்கிலீஷ் கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். மேனேஜர் துரை ஊருக்குக் கப்பல் ஏறும்போது அவரிடம் கொடுத்துவிட்டுப் போன செட் இது. மரப்பெட்டி, உள்ளே நீல வெல்வெட், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பள்ளம். பெரியம்மா காலமான பிறகு பாகம் பிரிக்கும்போது, பெட்டியாக வைத்துக்கொள்ள யாருக்கும் இடமில்லை, உருக்கிக் காசாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

தி. நகரில் ஒரு கடைக்கு அண்ணன் எடுத்துக்கொண்டு போனார். அவர்கள் கத்தியோடு சேர்த்து எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி எடை போட்டார்கள். "ஃபாரின் வெள்ளி சார், கலப்பு ஜாஸ்தி. 80 டச்சுக்கு மேல் போட முடியாது, உருக்கினால் சேதாரம் வேற போகும்" என்றார்கள். டச் என்றால் நூறு பங்கில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு. அண்ணன் யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டார்.

வீட்டில் உட்கார்ந்து விபூதி தொட்டு, ஈரத்துணியால் ஒரு ஸ்பூன் காம்பின் பின்பக்கத்தைத் தேய்த்தேன். கறுப்பு போகப் போகச் சின்னச் சின்ன முத்திரைகள் வரிசையாகத் தெரிந்தன. இடது பக்கம் பார்த்து நடக்கும் சிங்கம், பக்கத்தில் சிறுத்தை முகம், ஒரு ஆங்கில எழுத்து, செய்தவரின் இரண்டெழுத்துச் சுருக்கம். நடக்கும் சிங்கம் இங்கிலாந்தில் ஸ்டெர்லிங்குக்கு அடிக்கிற முத்திரை. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. சிறுத்தை முகம் என்றால் லண்டனில் சோதித்தது. நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், கிரீடம் இருந்தால் பழைய ஷெஃபீல்டு. தனி எழுத்து வருஷத்தைக் காட்டும். இவற்றோடு ராஜா அல்லது ராணியின் தலையும் இருந்தால், அது பெரும்பாலும் வரி கட்டியதற்கு அடையாளம். அந்த முத்திரை 1784 முதல் 1890 வரைதான் இருந்தது, எனவே பொருள் அந்தக் காலத்தது என்று ஆகிவிடும். எங்கள் செட்டில் தலை இல்லை. அமெரிக்கச் சாமானில் பெரும்பாலும் நேரடியாக ஸ்டெர்லிங் என்று எழுத்திலேயே இருக்கும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோ இரண்டு லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ ஸ்டெர்லிங்கில் 925 கிராம் சுத்த வெள்ளி, அதாவது 1,85,000 ரூபாய். 80 டச் கணக்கில் 1,60,000. கிலோவுக்கு 25,000 ரூபாய் அப்படியே கைநழுவிப் போகிறது, சேதாரம் என்று கழிப்பது தனி. வயதான தனி மனுஷி யாராவது போயிருந்தால் அந்த விலைக்கே கொடுத்துவிட்டு வந்திருப்பார். இதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

அப்புறம் தெரிந்தவர் மூலமாகச் சௌகார்பேட்டையில் தங்கசாலைத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், உருக்குப் பட்டறைக்கு நாங்களே போனோம். கத்திகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மற்றதை எங்கள் கண் முன்னால் எடை போட்டு, உருக்கி, கட்டியாக ஊற்றி, ஓரத்தில் வெட்டி டச் பார்த்தார்கள். 92-க்கு மேல் வந்தது. போட்ட எடைக்கும் வந்த எடைக்கும் வித்தியாசம் சில கிராம்தான். உருக்குக் கூலி கொடுத்துவிட்டு, கட்டியையும் டச் சீட்டையும் வாங்கிக்கொண்டு, வேறு கடையில் அன்றைய விலைக்குப் போட்டோம். உருக்குகிற இடமும் வாங்குகிற இடமும் வேறு வேறாக இருந்ததுதான் எங்களுக்கு நல்லதாகப் போயிற்று.

பட்டறைக்காரன்

மயிலைவாசி சார் சொன்னது சரி. நான் சௌகார்பேட்டையில் உருக்கு வேலையில் இருக்கிறவன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால், எங்கே கண் வைக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

ஸ்டெர்லிங் ஸ்பூனும் ஃபோர்க்கும் ஒரே துண்டாக அடித்தவை, பற்று, அதாவது ஒட்டு வைத்த இடம், கிடையாது. டீ பாட், சொம்பு, குத்துவிளக்கு எல்லாம் பற்றவைத்துச் செய்தவை. பற்றுப்பொடியில் வெள்ளி குறைவு, அதனால் உருக்கும்போது டச் இறங்கும். உள்ளே அரக்கோ மெழுகோ இருந்தால் அந்த எடையும் போய்விடும். ஸ்பூனில் இது இரண்டுமே இல்லை. ஆகவே ஸ்பூனுக்குச் சேதாரம் என்று யாராவது கழித்தால், "எதில் சேதாரம்?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

சாமான் வந்ததும் கத்தரியால் துண்டாக்குவோம். வெட்டின வாயை வாங்கிப் பாருங்கள். செம்பு, பித்தளை மேல் முலாம் என்றால் அங்கேயே நிறம் காட்டிக்கொடுத்துவிடும். ஜெர்மன் சில்வர் (வெள்ளி கலக்காத வெள்ளை உலோகம்) மேல் முலாம் என்றால் கண் ஏமாறும். அதற்கு உரசின இடத்தில் நைட்ரிக் ஆசிட் ஒரு சொட்டு விட்டால் பச்சையாகப் பொங்கும்.

சுத்த வெள்ளி 961 டிகிரியில் உருகும். ஸ்டெர்லிங்கில் செம்பு இருப்பதால் 800-ஐ ஒட்டியே இளக ஆரம்பித்து, 900-க்குள் முழுக்க உருகிவிடும். மூசையில் (உருக்குகிற கிண்ணம்) போட்டு வெங்காரம் (போராக்ஸ்) தூவுவோம், அழுக்கை இழுத்துக்கொண்டு மேலே மிதக்கும். அச்சு காய்ந்து சூடாக இருக்க வேண்டும், ஈரம் இருந்தால் உருகின வெள்ளி தெறித்துவிடும். அதனால் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்காதீர்கள், நாலடி தள்ளி நின்றாலே எல்லாம் தெரியும். ஊற்றி முடித்ததும் மூசையைச் சாய்த்து அடியைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே மிளகளவு மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் உங்கள் வெள்ளி. நல்ல பட்டறையில் கேட்காமலே தட்டிச் சேர்த்துக் கொடுப்பார்கள்.

கட்டி வெளியே வரும்போது கறுத்திருக்கும். அதைக் காட்டி "மட்ட வெள்ளி" என்று சொன்னால் நம்பாதீர்கள். மேலே இருக்கிற செம்பு சூட்டில் காற்று பட்டுக் கறுப்பது அது. நீர்த்த ஆசிடில் போட்டு எடுத்தால் வெளுத்துவிடும்.

டச் மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது மேல்தோலைத்தான் படிக்கும். முலாம் பூசின ஸ்பூனை அப்படியே வைத்தால் 99 என்றுகூடக் காட்டும், நல்ல ஸ்டெர்லிங்குக்கும் மேல்தோலில் ஒன்றிரண்டு கூடக் காட்டுவது உண்டு. உருக்கின பிறகு, கட்டியின் தோலைச் சீவிவிட்டு உள்பக்கம் வைத்துப் பார்ப்பதுதான் கணக்கு. இன்னொன்று, சிங்க முத்திரையைப் பார்த்து இங்கே யாரும் விலை போட மாட்டார்கள். நம் ஊர் ஹால்மார்க் பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பு கொடுப்பது. வெள்ளிக்கு எச்யுஐடி என்ற தனி அடையாள எண்ணோடு 2025 செப்டம்பரில் வந்தது, அப்போது அதுவும் கட்டாயம் இல்லை. சிங்கம் உங்களுக்குத் தைரியம் கொடுக்கத்தான், காசு கொடுப்பது டச் சீட்டு.

பெரம்பூர் ஷீலா

முத்திரை என்று எதையோ பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்காக இது. பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி ஆஸ்திரேலியா போகும்போது அம்மாவுக்கு ஒரு செட் கொடுத்தார்கள். பின்பக்கம் நாலு சின்னக் கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து. தூரத்திலிருந்து பார்த்தால் லண்டன் முத்திரை வரிசை போலவே இருக்கும். கண்ணாடி வைத்துப் பார்த்தால் இ, பி, என், எஸ். நிக்கல் சில்வர் மேல் மின்முலாம் பூசியது என்று அர்த்தம். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம் அது, பெயரில்தான் சில்வர், உள்ளே பொட்டு வெள்ளி கிடையாது. ஏ1 என்று இருந்தாலும் முலாம்தான். உருக்கக் கொண்டுபோய்ப் பஸ் காசை வீணாக்க வேண்டாம். அம்மா இன்றைக்கும் விசேஷ நாட்களில் அதில்தான் பாயசம் பரிமாறுகிறார்.

எழும்பூர் வாசகி

தயவுசெய்து எல்லாவற்றையும் உருக்கிவிடாதீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மாமியார் வீட்டுச் சாமானில் ஒரு சர்க்கரைக் கரண்டியும் சில டீ ஸ்பூன்களும் இருந்தன. காம்பு நுனியில் சாமி உருவம். இடுப்பு வளைவு, கையில் இருக்கிற ஆயுதம், காலடியில் பீடம் எல்லாம் நகத்தளவு இடத்தில் செதுக்கியிருந்தார்கள். பின்னால் சிங்கம் இல்லை, சிறுத்தை இல்லை, கம்பெனி பெயர் மட்டும்தான். கடையில் "முத்திரையே இல்லையேம்மா, லோக்கல் வெள்ளி" என்று தராசில் வைக்கப் பார்த்தார்கள்.

அந்தப் பெயர் பி. ஆர் (P. Orr) அண்ட் சன்ஸ். மவுண்ட் ரோட்டில் கடிகாரக் கோபுரக் கட்டடம் பார்த்திருப்பீர்கள், இன்று கைக்கடிகாரம் விற்கிறார்களே, அவர்களேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் மெட்ராஸில் வெள்ளிச் சாமான் செய்து பெயர் வாங்கியவர்கள். சாமி உருவங்கள் வைத்த அந்த வேலைப்பாட்டை வெளிநாட்டில் சேகரிப்பவர்கள் ஸ்வாமி சில்வர் என்றே சொல்கிறார்கள். இங்கிலாந்தில் இருந்ததுபோல சட்டப்படி முத்திரை அடிக்கும் சோதனைச் சாலை மெட்ராஸில் இல்லை. அதனால்தான் சிங்கம் இல்லை. அது இல்லாததாலேயே நம் ஊர்த் தட்டார் கைவேலை எத்தனையோ மூசைக்குள் போயிருக்கும். வெள்ளி விலைக்கு மேல் கொடுத்து வாங்க ஆள் இருக்கும் பொருள் இது.

ஒரு விஷயம் கவனம். நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளை 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. லண்டன் ஏலத்துக்குப் பார்சல் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உள்நாட்டிலேயே சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் கரண்டியை வைத்துக்கொண்டோம். கூட இருந்த வேலைப்பாடில்லாத தட்டுகளை மட்டும் உருக்கிவிட்டோம்.

நங்கநல்லூர் தாத்தா

எழும்பூர் அம்மா சொன்னதை நானும் சொல்கிறேன். 1980 ஜனவரியில் அமெரிக்காவில் டெக்சாஸ் பணக்காரர்களான ஹன்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்ததில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை ஒட்டிப் போனது. என் தம்பி அப்போது நியூ ஜெர்சியில் இருந்தான். ஜனங்கள் பாட்டி வீட்டு ஸ்பூனைப் பையில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள் என்று கடிதம் எழுதினான். கையால் அடித்த நூற்றைம்பது, இருநூறு வருஷத்துச் சாமானும் அந்த வேகத்தில் உருகிப் போயிற்று. மார்ச் கடைசியில் விலை 11 டாலருக்குக் கீழே விழுந்துவிட்டது. வெள்ளி திரும்ப வாங்கலாம், அந்த ஸ்பூனைத் திரும்ப வாங்க முடியாது. மெஷினில் அடித்த சாதா செட் என்றால் தாராளமாக உருக்குங்கள், அதற்கு நான் வருத்தப்பட மாட்டேன். ராஜா தலை முத்திரை இருந்தால் மட்டும் விவரம் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

அண்ணா நகர் குமார்

மயிலைவாசி சார், கத்தியைத் தனியாக வைத்தார்கள் என்றீர்களே, அதை என்ன செய்தீர்கள்? எங்களிடம் கைப்பிடியில் சிங்கம் போட்ட கத்தி ஒரு டஜன் இருக்கிறது. நல்ல கனம். வாங்குகிறவர்கள் பணத்தை ரொக்கமாகத் தருகிறார்களா?

மயிலைவாசி

ரொக்கமாக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ஒரே ஆளிடம் வாங்குவது வருமான வரிச் சட்டத்தில் தடை, கேட்காதீர்கள். ஆதார், பான் எடுத்துக்கொண்டு போங்கள், பேங்கில் போடச் சொல்லுங்கள், சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பாகம் பிரிக்கும்போது அந்தச் சீட்டுதான் வாய்ப்பேச்சுக்கு இடமில்லாமல் செய்தது. கத்தியைப் பற்றிப் பட்டறைக்காரர் தம்பி சொன்னால் நன்றாக இருக்கும்.

பட்டறைக்காரன்

குமார் சார், அந்தக் கனம் வெள்ளி இல்லை. அலகு இரும்பு அல்லது ஸ்டீல். கைப்பிடி மெல்லிய வெள்ளித் தகடு, இரண்டு பாதியாக அடித்துப் பற்றவைத்தது. உள்ளே குங்கிலியம் மாதிரிப் பிசினோ சாந்தோ நிரப்பியிருக்கும். ஸ்பூனோடு சேர்த்து எடை போட்டு டச் குறைத்துச் சொல்கிறார்கள் என்றால், கத்தியைக் காரணம் காட்டித்தான் குறைப்பார்கள். அதனால் முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

வீட்டில் நீங்களே அடுப்பில் காட்டி அலகைக் கழற்றப் பார்க்காதீர்கள். உள்ளே அடைபட்ட பிசின் சூடேறினால் கைப்பிடி வெடித்து முகத்தில் அடிக்கும், எங்கள் பட்டறையிலேயே ஒருத்தருக்குப் புருவம் பொசுங்கியிருக்கிறது. நாங்கள் கைப்பிடியைப் பற்று ஓரமாக ரம்பத்தால் பிளந்து, பிசினைச் சுரண்டிவிட்டு, தகட்டை மட்டும்தான் மூசையில் போடுவோம். ஒரு கைப்பிடிக்கு வரும் தகடு கொஞ்சம்தான். பற்று சேர்ந்திருப்பதால் டச்சும் ஸ்பூனைவிடக் குறையும், ஆகவே அதைத் தனிக் கட்டியாக ஊற்றச் சொல்லுங்கள். கைப்பிடி நசுங்காமல், அலகு துருப்பிடிக்காமல் இருந்தால் உருக்கவே வேண்டாம். செட்டில் கத்தி குறைகிறவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள், கத்தியாகவே விற்றால் தகட்டு விலையைவிட மேலே கிடைக்கும்.