பங்காளி ஒருவரைக் கம்பனியிலிருந்து நீக்குவது எப்படி?

ஆலைக்காரன், சம்மாந்துறை:
மூன்று பேர் சேர்ந்த நெல் ஆலை, பிரைவேட் லிமிடெட். ஒருவருக்கு 30 வீதப் பங்கு, பணிப்பாளராகவும் இருக்கிறார். கூட்டத்துக்கு வாறதில்லை, காசோலையிலும் கையொப்பம் வைக்கிறதில்லை. ஆளை நீக்க வழி சொல்லுங்கோ.

கல்லடி வாசகன்:
தம்பி, பதவி வேறு, பங்கு வேறு. இலங்கையின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பங்குதாரர் கூட்டத்தில் சாதாரண தீர்மானத்தால் பணிப்பாளரை நீக்கலாம். பாதிக்கு மேல் வாக்கு போதும். ஆனாலும் அகவிதிகளை, அதாவது கம்பனி தன்னை நடத்த எழுதி வைத்த விதிகளை, முதலில் வாசியுங்கோ. நீக்குவதற்கான கூட்டம் என்று அறிவித்தலிலேயே எழுத வேணும். பெரும்பாலும் பிழைக்கிற இடம் இதுதான்: ‘பொது விடயங்கள்’ என்று போட்டு நடத்தினால் தீர்மானம் நீதிமன்றத்தில் நிற்காது. பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கூட்டக் குறிப்போடு வையுங்கோ. பிறகு 20 வேலை நாளுக்குள், பணிப்பாளர் மாற்றத்தை அறிவிக்கும் படிவம் 20ஐக் கம்பனிப் பதிவாளருக்குக் கொடுக்க வேணும்.

மட்டுநகர் கணக்கு:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் அந்த 30 வீதம் அவரிடமேதான் இருக்கும். இலாபப் பங்கும் வாக்கும் போகாது. பங்கை விற்றே ஆகவேணும் என்ற வாசகம் அகவிதியில் இல்லாவிட்டால், பேசி விலைக்கு வாங்குவதே வழி. அவருடைய கையொப்பமில்லாமல் பங்கு மாற்றப் படிவம் செல்லாது. வங்கிக்குப் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தையும் சான்றுப்படுத்திய படிவம் 20ஐயும் கொடுத்துக் கையொப்ப அதிகாரத்தை மாற்றுங்கோ. கம்பனியின் கடனுக்கு அவர் தனிப்பட்ட பிணை நின்றிருந்தால், அது பதவியோடு முடியாது. வங்கி எழுத்தில் விடுவிக்கவேணும். விலை பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசுங்கோ.