ரயிலைத் தேடித் தனுஷ்கோடிக்குப் போன கதை

2013 டிசம்பரில் முதல் தடவை போனேன். அப்போது தார்ச்சாலை கிடையாது. முகுந்தராயர் சத்திரத்தில் ஆள் சேரும்வரை காத்திருந்து, வேனில் நெருக்கியடித்து உட்கார்ந்து, மணலிலும் கடல் தண்ணீரிலுமாக இடுப்பு ஒடியப் போக வேண்டும். வழியெல்லாம் வேனுக்குள் ஒரே பேச்சுதான். 1964 டிசம்பர் 22 இரவு, ஊரையே அழித்த புயலில், பாம்பனிலிருந்து கிளம்பிய 653 பாசஞ்சர் ரயில். சிக்னல் விழவில்லையாம், டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியை நகர்த்தினாராம், ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் அலை வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஒருவர் சொல்லி முடித்தால் அடுத்தவர் விட்ட இடத்தில் தொடங்குவார். எனக்கும் அந்தக் கதைதான் வேண்டியிருந்தது, மறைக்க என்ன இருக்கிறது!

இறங்கிப் பார்த்தால் பவளக்கல்லில் கட்டிய தேவாலயத்தின் மொட்டைச் சுவர்கள், ஸ்டேஷனின் மிச்சம், ஒரு தண்ணீர்த்தொட்டி. அவ்வளவுதான். சங்கு மாலை விற்ற அக்காவிடம், "ரயில் எங்கக்கா கவுந்துச்சு?" என்றேன். கிழக்கே கையைக் காட்டினார். பத்து நிமிடம் கழித்து வேறொரு குடும்பம் அதையே கேட்க, இப்போது தெற்கே காட்டினார். நான் பார்த்துவிட்டதைப் பார்த்துச் சிரித்தார்.

"கடலுக்குள்ள போனத எங்கன்னு தம்பி காட்டுறது? எதையாவது காட்டலேன்னா நகர மாட்டேங்குறாங்க. எங்களுக்குக் கரண்டு எப்ப வரும்னு ஒருத்தரு கேட்டாரா?"

வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசாங்கம் அறிவித்த பிறகும் மீனவர்கள் திரும்பி வந்து ஓலைக்குடிசை போட்டிருக்கிறார்கள் என்பது அங்கே போய்த்தான் எனக்கு உறைத்தது. மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து அந்த அக்கா மொண்டு கொடுத்த தண்ணீரில், கடல் பக்கத்திலேயே இருந்தும் உப்பே இல்லை.

என் தாத்தா போட் மெயிலில் போனவர். எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் பிடித்துத் தலைமன்னார். ஊரைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் சுங்கச் சோதனையில் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்தது, வெயில், கப்பலில் வாந்தி, இவ்வளவுதான். புயலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கோ அந்த ஊரின் கடைசி ராத்திரி மட்டும்தான் தெரியும். அன்று சுங்க வரிசை எங்கே நின்றிருக்கும் என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. சரி, ரயிலைத் தேடியதற்கு அது பரவாயில்லை.

2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு மறுபடி போனேன். காரிலேயே போகலாம், கூட்டம் பயங்கரம். தேவாலயச் சுவரில் ஏறி நின்று செல்ஃபி எடுத்தவர்களைப் பார்த்து எரிச்சல் வந்தது. என் பழைய போட்டோவிலும் அதே சுவர்தான் என்பது அப்புறம் ஞாபகம் வந்தது. அந்த அக்காவைக் காணோம். பக்கத்துக் கடைக்காரரிடம், "இங்க கரண்டு வந்துடுச்சாண்ணே?" என்று கேட்டேன்.

"சோலார் இருக்கு தம்பி. போனுக்குச் சார்ஜ் போடணுமா?"