‘ஓராள் சான்று’: மெய்நிகர் உலகப் போலிக் கணக்குகளைத் தடுக்க ஒரு கலைச்சொல்

மன்னார்குடியிலிருந்து:

வணக்கம். மெய்நிகர் உலகத்தில், அதாவது இணையத்தில் பலர் கூடிப் புழங்கும் கணினி உலகத்தில், ஒரு ஆளுக்கு ஒரே கணக்கு என்று உறுதிசெய்யும் முறைக்கு ‘அடையாளச் சரிபார்ப்பு’ என்று பெயர் வைக்கலாம் என்ற பரிந்துரை எனக்கு ஒப்பவில்லை. அடையாளம் ‘யார்’ என்று கேட்கும். மெய்நிகர் உலகத்துக்குத் தெரிய வேண்டியதோ, இந்த ஆள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறாரா என்பதுதான், பெயர் எதற்கு? புதுக் கணக்குக்கு இலவச நாணயம் தரும் விளையாட்டில் ஒரே ஆள் 20 கணக்கு திறந்து, எல்லா நாணயத்தையும் ஒன்றில் சேர்த்துவிடுகிறார். செல்பேசி எண்ணுக்கு வரும் ஓடிபி இதைத் தடுக்காது. இந்தியாவின் பெரும்பகுதியில் ஒருவர் பெயரில் 9 சிம் வரை வாங்கலாமே! வாக்குச்சாவடி மை ஆளின் பெயரைச் சொல்லாது, ஓட்டுப் போட்டாயிற்று என்று மட்டும் சொல்லும். அந்தப் பொருளில் ‘ஓராள் சான்று’ என்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து:

ஐயா, சொல் நன்று. வரையறையில் ‘ஒன்றுக்குப் பல ஒப்பீடு’, அதாவது புதிதாக வருபவரைப் பதிவிலுள்ள எல்லோரோடும் ஒப்பிடுவது, என்பதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ரேஷன் கடையில் ரேகை வைத்தால், பதிவிலுள்ள அதே ஆள்தானா என்று மட்டும் பார்ப்பார்கள். ஆதார் பதிவில் பெரியவர்களுக்கு 10 விரல், 2 கருவிழி, முகம் எடுத்து, முன்பே உள்ள எல்லாப் பதிவுகளோடும் ஒப்பிடுகிறார்கள். பிழை பெருகுவது இங்கேதான். இருவரை ஒருவரென்று மயங்கும் வாய்ப்பு 10 லட்சத்தில் 1 என்று வையுங்கள். பதிவில் 10 லட்சம் பேர் இருந்தால், புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் சராசரியாக ஒரு தவறான பொருத்தம் விழும். நேர்மையானவர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

விரலை மட்டும் நம்புவதும் அநியாயம். நடவு, களையெடுப்பு என்று சேற்றிலேயே வேலை பார்ப்பவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தாலும் ‘ரேகை விழல’ என்பார்கள். கருவிழியும் சேர்ந்தே இருக்கட்டும்.

இன்னொன்று: சான்று பெற்றவரின் மறைகுறியிலிருந்து, அதாவது அவரிடம் மட்டும் இருக்கும் ரகசியக் குறியிலிருந்து, ஒவ்வொரு மெய்நிகர் உலகத்துக்கும் தனித்தனியாக ஓர் எண் பிறக்க வேண்டும். அதே உலகத்துக்குத் திரும்ப வந்தால் அதே எண். வேறு உலகத்தில் வேறு எண். இரண்டையும் சேர்த்து வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. இதற்குக் ‘களக் குறியெண்’ சரிவருமா?

மன்னார்குடியிலிருந்து:

சரிவரும் அம்மா. ‘கணக்குக் கைமாற்று’ என்பதையும் சேர்ப்போம். சான்று வாங்கியவரே கணக்கைக் காசுக்குக் கொடுத்துவிட்டால், பதிவின்போது செய்யும் எந்த ஒப்பீட்டிலும் அது சிக்காது. நாணயம் மாற்றும்போதும் வாக்கெடுப்பின்போதும், கேமரா முன் தலையைத் திருப்பச் சொல்லி முகத்தை மறுபடி பார்ப்பது ஓரளவு உதவும். அதற்கு ‘மறுசான்று’.