தாத்தா வீட்டுக் குழு: ஆண்டுத் திதிப் பணம்

திருச்சி பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் ஆண்டுத் திதி தை மாதம் வருவதால் செலவைப் பற்றி இப்போதே பேசிவிடலாம். மண்டபம் பிடிக்காமல் வீட்டோடு திதி கொடுத்துவிட்டு, மிச்சப்படும் பணத்தை அப்பாவுக்கு இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவமனையின் அறக்கட்டளைக்குக் கொடுக்கலாம் என்பது என் விருப்பம்.

மதுரை அத்தை: நல்ல காரியம் அண்ணா. அப்பா பெயரில் ஒரு கருவி வாங்கிக் கொடுத்தால் பெயர்ப் பலகையும் நிலைத்து நிற்கும்.

சென்னை செல்வி: பாட்டி சம்மதித்துவிட்டார்களா, பெரியப்பா?

திருச்சி பெரியப்பா: அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன். கருவி வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. பைபாஸும் இதய வால்வு மாற்றமும் அதில் அடங்கும். ஆனால் நோயாளி வீடு திரும்பிய பிறகு வாரக்கணக்கில் தொடர வேண்டிய மறுவாழ்வுப் பயிற்சி இருக்கிறதே, இசிஜியைப் பார்த்துக்கொண்டே நடக்க வைப்பது, உணவு முறையைச் சொல்லிக் கொடுப்பது, புகையை விட வைப்பது, மனச்சோர்வைக் கவனிப்பது, அதற்குத்தான் பணம் தருவார் குறைவு. அதை முழுமையாக முடித்தவர்கள் மறுபடியும் மருத்துவமனையில் சேர்வது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இருந்தும் கூலி வேலை செய்பவர் ஒரு நாள் பயிற்சிக்கு வந்தால் அன்றைய கூலியும் போகிறது, பஸ் காசும் போகிறது.

சென்னை செல்வி: உண்மைதான். இருமினால் நெஞ்சுத் தையல் பிரிந்துவிடும் என்று தாத்தா மூச்சையே அடக்கிக்கொண்டிருந்தார். துண்டை நாலாக மடித்து நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்தது அந்த பிசியோதெரபிஸ்ட் அக்காதான். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியில் முதல் நாள் ஒரு பந்துகூட எழும்பவில்லை.

மதுரை அத்தை: அந்த நாட்களில் ராத்திரி பகலாக அங்கே இருந்தவள் நான்தான் என்பதையும் எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் சித்தப்பா: எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்று அப்போதே சொன்னேன், அக்கா.

திருச்சி பெரியப்பா: அதை இங்கே பேச வேண்டாம், தம்பி.

மதுரை அத்தை: சரி, விடுங்கள். புட்டபர்த்தி சாய்பாபா மருத்துவமனையில் 1991-லிருந்து காசே வாங்காமல் இதய அறுவைச் சிகிச்சை செய்கிறார்களே, அங்கே அனுப்பினால் என்ன?

திருச்சி பெரியப்பா: அதுவும் நன்கொடையால் நடப்பதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நம் பக்கத்து நோயாளிகள் மாதாமாதம் போய்வரும் இடத்துக்குக் கொடுக்கவே விரும்புகிறேன். அப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். சின்ன வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் கெட்டுப்போன வால்வை மாற்றியிருந்தார்கள். திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் உருவாகி 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு வந்த பிறகு ஏழைகளுக்கும் எட்டும் விலையில் வால்வு கிடைக்கிறது. ஆனால் உலோக வால்வு எதுவானாலும் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை போட வேண்டும். மாத்திரையின் அளவு சரியா என்று அறிய, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையும் தவறாமல் செய்ய வேண்டும். மருந்து குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும், கூடினால் உடலுக்குள் ரத்தம் கசியும். பஸ்ஸுக்குக் காசில்லாமல் பரிசோதனைக்கு வராமல் இருந்துவிட்டோம் என்று அந்தப் பெண்ணின் தாய் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. அத்தனை செலவு செய்து பொருத்திய வால்வு, பஸ் காசுக்காகப் பழுதாகலாமா?

மதுரை அத்தை: அந்தப் பெண்ணுக்கு நான்தான் கஞ்சி வாங்கிக் கொடுப்பேன். இப்போது எப்படி இருக்கிறாளோ தெரியவில்லை.

சிங்கப்பூர் சித்தப்பா: நான் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டேனே, அறக்கட்டளையின் சாதாரணக் கணக்கில் பணம் போடலாமா?

சென்னை செல்வி: போடக் கூடாது, சித்தப்பா. நீங்கள் தருவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வரும். அறக்கட்டளைக்கு அந்தச் சட்டப்படியான எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தால், டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்று அவர்கள் வைத்திருக்கும் கணக்குக்கே அனுப்ப வேண்டும். இங்கே இருப்பவர்களும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது.

திருச்சி பெரியப்பா: பணத்தோடு கடிதமும் கொடுக்க வேண்டும். மறுவாழ்வுப் பிரிவுக்கும், வால்வு நோயாளிகளின் மாத்திரை, பரிசோதனை, பயணச் செலவுக்கும் என்று எழுதிக் கேட்காவிட்டால் பொது நிதியில் சேர்ந்துவிடலாம். இன்னொன்று, பிசியோதெரபிஸ்டின் சம்பளம் மாதாமாதம் வேண்டியது என்பதால், ஒரே தடவை பெரிய தொகையாகக் கொடுப்பதைவிட ஒவ்வொரு திதிக்கும் கொடுப்பதே பயன்படும்.

சிங்கப்பூர் சித்தப்பா: வருடா வருடம் என்றால் ஆளுக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள், அண்ணா.

மதுரை அத்தை: பலகை இல்லாவிட்டாலும் ரசீதில் அப்பா பெயர் வர வேண்டும். ஊரில் ஐம்பது பேருக்காவது சாப்பாடு போடாமல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சென்னை செல்வி: பணம் கட்டுபவரின் பான் எண்ணில்தான் ரசீது வரும், அத்தை. தாத்தா நினைவாக என்று சேர்த்து எழுதுவார்களா என்று கேட்டுச் சொல்கிறேன்.

திருச்சி பெரியப்பா: சாப்பாட்டை அம்மா சொல்கிறபடி வைத்துக்கொள்ளலாம். தொகையைத் திங்கட்கிழமை மருத்துவமனையில் விசாரித்த பிறகு சொல்கிறேன்.