கலைச்சொல்: கம்யூனிட்டி டெவலப்மென்ட் இன்டர்மீடியரி – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க நகரங்களின் நலிந்த பகுதிகளில் குறைந்த வாடகை வீடு, கடைத்தொகுதி, குழந்தைகள் காப்பகம், மருத்துவ நிலையம் என்று கட்டுகிற சிறு உள்ளூர் அமைப்புகள் உண்டு. அவற்றுக்குப் பணமும் தொழில்நுட்ப உதவியும் தரும் இலாப நோக்கற்ற பெரிய அமைப்புகளைத்தான் அங்கே 'கம்யூனிட்டி டெவலப்மென்ட் இன்டர்மீடியரி' என்கிறார்கள். ஃபோர்டு அறக்கட்டளை 1979-இல் உருவாக்கிய லிஸ்க் (லோக்கல் இனிஷியேட்டிவ்ஸ் சப்போர்ட் கார்ப்பரேஷன்), ஜேம்ஸ் ரௌஸும் அவர் மனைவி பாட்டியும் 1982-இல் தொடங்கிய என்டர்பிரைஸ் ஆகிய இரண்டும் இவற்றில் பெரியவை.

அகராதிகளில் இன்டர்மீடியரிக்கு இடைத்தரகர், இடையீட்டாளர் என்று இருக்கின்றன. 'சமூக மேம்பாட்டு இடைத்தரகர்' என்று எழுதிப் பார்த்தால் வீட்டுத் தரகர் போல் ஒலிக்கிறது. நகர்ப்புற நிதி பற்றிய கட்டுரைத் தொகுப்புக்கு ஒரு நல்ல சொல் தேவை. கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

– செ.ம.

மடல் 2

செ.ம. அவர்களுக்கு,

தரகர் சரக்கைத் தம் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். பேரம் முறிந்தால் அவருக்குப் போவது கூலி மட்டும். இந்த அமைப்புகள் செய்வது வேறு. வங்கி, அறக்கட்டளை, காப்பீட்டு நிறுவனம், அரசு எல்லாரிடமும் பணம் திரட்டித் தம் ஐந்தொகையில் (சொத்து–கடன் கணக்கில்) ஏற்றுகின்றன. பிறகு தம் பெயரிலேயே கடன் தருகின்றன. கடன் வராவிட்டால் நட்டம் அவற்றுக்கே. சொல்லில் இந்தப் பொறுப்பு தெரிய வேண்டும்.

முன்பணிக் கடனை (பிரீடெவலப்மென்ட் லோன், சொல் என்னுடையது, மாற்றலாம்) எடுத்துக்கொள்வோம். ஓர் உள்ளூர் அமைப்பு ஒரு காலி மனையில் நாற்பது வீடு கட்ட நினைக்கிறது. கட்டுமானக் கடன் கிடைப்பதற்கு முன்பே செலவு தொடங்கிவிடும்: மனையை வேறொருவருக்கு விற்காமலிருக்க உரிமையாளருக்குத் தரும் பிடிப்புப் பணம், நில அளவை, மண் பரிசோதனை, பழைய பெட்ரோல் நிலையமோ உலர்சலவைக் கடையோ அங்கே இருந்து மண் கெட்டிருக்கிறதா என்ற சுற்றுச்சூழல் ஆய்வு, மதிப்பீட்டாளர் கட்டணம், கட்டடக் கலைஞரின் முதல்நிலை வரைபடம், வழக்கறிஞர், வரிச்சலுகை (குறைந்த வாடகை வீட்டில் முதலிடுபவருக்கு வரியில் கிடைக்கும் கழிவு) விண்ணப்பக் கட்டணம். இந்த நிலையில் அடமானம் வைக்க அவர்களிடம் எதுவும் இல்லை. மனை இன்னும் கைக்கு வரவில்லை. வரைபடத்தை எந்த வங்கியும் ஈடாக ஏற்காது. அங்கேதான் இந்த அமைப்பு வட்டியில்லாமலோ மிகக் குறைந்த வட்டிக்கோ கடன் தருகிறது. கட்டுமானக் கடன் கையெழுத்தாகும் நாளில், அந்தப் பணத்திலிருந்தே முன்பணிக் கடன் அடைபடும். மண் ஆய்வில் பிரச்சினை தெரிந்து திட்டம் கைவிடப்பட்டால் தள்ளுபடி செய்ய வேண்டி வரலாம். அந்த இழப்பைத் தாங்கத்தான் அறக்கட்டளைகளிடம் தனியே இழப்புக் காப்பு நிதி வாங்கி வைத்திருப்பார்கள்.

பெரும்பாலும் சறுக்குவது தேதியில். வரிச்சலுகை ஒதுக்கீட்டை மாநில வீட்டுவசதி முகமை போட்டி முறையில் தருகிறது. ஆண்டுக்கு ஓரிரு சுற்றுகள்தான். ஒரு சுற்று தவறினால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். அதற்குள் மனைப் பிடிப்பு காலாவதியாகும், மதிப்பீட்டு அறிக்கையும் பழையதாகும், முன்பணிக் கடனின் தவணை மட்டும் வந்து நிற்கும். எனவே முதல் ஒப்பந்தத்திலேயே கால நீட்டிப்பு உரிமை எழுதி வாங்குவது அவசியம்.

என் பரிந்துரை: இடைநிதியகம்.

– கு.வ.

மடல் 3

> 'சமூக மேம்பாட்டு இடைத்தரகர்'

தரகரை விடுங்கள், 'சமூக' என்பதும் உதைக்கிறது. 'எங்கள் சமூகத்துக்கு நிதி' என்றால் தமிழில் சாதிச் சங்கம் என்றே படிப்பார்கள். இங்கே கம்யூனிட்டி என்பது நாலு தெரு, ஒரு கடைவீதி, ஒரு பள்ளி அடங்கிய இடம். 1994 சட்டப்படி அமைந்த சிடிஎஃப்ஐ (நலிந்த பகுதிகளுக்குக் கடன் தரும் நிதி நிறுவனம்) சான்று பெற, நிறுவனத்தின் நிதிச் செயல்பாட்டில் குறைந்தது 60 விழுக்காடு இலக்குச் சந்தைக்குப் போக வேண்டும். அந்த இலக்கைப் பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டங்களைக் கொண்டே வரையறுக்கிறார்கள். ஆகவே பகுதி மேம்பாடு. 'வட்டாரம்' பெரிது, 'பேட்டை' பேச்சுக்கு அழகு, ஆவணத்தில் நிற்காது.

கூடவே சிடிசி-யையும் (கம்யூனிட்டி டெவலப்மென்ட் கார்ப்பரேஷன், மடல் 1 சொல்லும் உள்ளூர் அமைப்பு) முடித்துவிடலாம். 'கார்ப்பரேஷன்' என்றால் நம்மவர்களுக்கு மாநகராட்சி. 1967-இல் புரூக்ளினில் ராபர்ட் கென்னடி முன்னின்று தொடங்கிய பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் அமைப்பை 'மேம்பாட்டு மாநகராட்சி' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். பகுதி மேம்பாட்டுக் கழகம் என்று வைத்துக்கொள்வோம்.

– இரா.

மடல் 4

இடைநிதியகம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 'கேப் ஃபைனான்சிங்'கை (செலவுக்கும் திரண்ட பணத்துக்கும் உள்ள குறையை நிரப்பும் நிதி) இந்த இழையிலேயே தீர்க்காவிட்டால் அது என்ன செய்கிறது என்பதை எழுத முடியாது. 'இடைவெளி நிதி' என்று சிலர் எழுதுகிறார்கள். நமக்குத்தான் வரவுசெலவில் *துண்டு விழுகிறது* என்று இருக்கிறதே! துண்டு நிதி.

கணக்கோடு பார்க்கலாம் (எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை). மொத்தச் செலவு 100 லட்சம் டாலர். நிலம் முதலியவை போக, வரிச்சலுகைக்குத் தகுதியான செலவு 80 லட்சம். 1986 வரிச் சட்டத்தில் வந்த குறைவருவாய் வீட்டுவசதி வரிச்சலுகை, 9 விழுக்காட்டு வகை: அந்தச் செலவில் ஆண்டுக்கு 9 விழுக்காடு, அதாவது 7.2 லட்சம், 10 ஆண்டுக்கு 72 லட்சம். கழகத்துக்கு வரியே கிடையாது, சலுகையை வைத்து அது என்ன செய்யும்? இலாபமுள்ள ஒரு வங்கியைப் பங்காளியாகச் சேர்த்து, ஒரு டாலர் சலுகைக்கு 90 சென்ட் என்று மூலதனமாக வாங்குகிறது. 64.8 லட்சம் வந்தது. கிடைக்கும் வாடகைக்கு வங்கி அடமானக் கடன் 20 லட்சம்தான் தாங்கும். மாநகராட்சியின் பின்னுரிமைக் கடன் 10 லட்சம். ஆக 94.8. துண்டு 5.2 லட்சம்.

சலுகையின் விலை 80 சென்ட்டாக இறங்கினால்? மூலதனம் 57.6 லட்சமாகிறது, துண்டு 12.4 லட்சம். விலை பத்து சென்ட் அசைந்ததற்குத் துண்டு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இது கற்பனையான அபாயமல்ல. 2008 நெருக்கடியில் பெரிய முதலீட்டாளர்களான ஃபேனி மே, ஃபிரெடி மேக் என்ற வீட்டு அடமானக் கடன் நிறுவனங்கள் இரண்டுக்கும் கழிப்பதற்கு இலாபமே இல்லாமல் போக, சந்தையை விட்டு விலகின; திட்டங்கள் பாதியில் நின்றன. 2009-இல் சலுகையை ரொக்கமாக மாற்றித் தர நாடாளுமன்றம் வழி செய்ய வேண்டியதாயிற்று. நிறுவன வரி 35 விழுக்காட்டிலிருந்து வெகுவாகக் குறையப்போகிறது என்ற பேச்சு 2016 கடைசியில் கிளம்பியபோதும் விலை சரிந்தது, சட்டம் வருவதற்கு முன்பே.

இந்தத் துண்டை இடைநிதியகம் நிரப்பும்போது அதன் இடம் வரிசையின் கடைசி. கட்டடம் ஏலத்துக்கு வந்தால் முதலில் வங்கி, பிறகு மாநகராட்சி, மிச்சம் ஏதாவது இருந்தால் இவர்களுக்கு. இதே அமைப்புகள் முதலீட்டாளர் பணத்தை ஒரே தொகுப்பாகத் திரட்டும் வேலையும் செய்கின்றன. லிஸ்க் 1987-இல் நேஷனல் ஈக்விட்டி ஃபண்டைத் தொடங்கியது அதற்காகவே.

– ந.

மடல் 5

எல்லாரும் பணத்தையே பேசுகிறீர்கள். 'நிதியகம்' என்றதும் கடன் கொடுக்கும் கடை என்று முடிந்துவிடும். கழகத்துக்குக் கணக்காளர் சம்பளம், கட்டுமான மேலாளருக்குப் பயிற்சி, கட்டடப் பராமரிப்பு ஆலோசனை ஆகியவற்றைத் தருவதும் இவர்களே. கூட்டாட்சி அரசின் வீட்டுவசதித் துறை தரும் 'செக்ஷன் 4' திறன்வளர்ப்பு மானியம் இவர்கள் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. ஒரு டாலர் மானியத்துக்கு மூன்று டாலர் வேறு இடத்திலிருந்து திரட்டிக் காட்ட வேண்டும். அதுவும் செலவு செய்து பில் போட்ட பிறகே பணம் வரும். கையிருப்பு இல்லாத கழகத்துக்கு மானியம் கிடைத்தும் சம்பளம் போட முடியாத நிலை இப்படித்தான் வருகிறது. விவரம் தெரிந்தவர்கள் மானிய ஒப்பந்தத்தோடு ஒரு சிறு சுழல்கடனையும் (எடுத்துத் திருப்பி மீண்டும் எடுக்கக்கூடிய கடன்) சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுவார்கள்.

பதினைந்தாம் ஆண்டுச் சிக்கலையும் பாருங்கள். வரிச்சலுகை பத்தாண்டில் தீர்ந்துவிடும், சலுகையின் விதிகள் மீறப்படவில்லையா என்ற வரித்துறைக் கண்காணிப்பு 15 ஆண்டு. அது முடிந்ததும் முதலீட்டாளர் வெளியேறுவார். அதே சமயத்தில் கூரை, கொதிகலன், லிஃப்ட் எல்லாம் ஒன்றாகப் பழுதுக்கு வரும். பழுதானவற்றை மாற்றுவதற்கான நிதியாக வீட்டுக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் ஒதுக்கியதை வாடகை வராத மாதங்களில் எடுத்துச் செலவழித்திருப்பார்கள். கட்டடத்தை வாங்கிக்கொள்ளக் கழகத்துக்கு வரிச் சட்டமே சலுகை விலையில் முதல் உரிமை அனுமதிக்கிறது: நிலுவைக் கடனும் விற்பனையால் வரும் வரியும் கொடுத்தால் போதும். ஆனால் தொடக்க ஒப்பந்தத்தில் அந்த உரிமையைத் தெளிவாக எழுதாவிட்டால், முதலீட்டாளரின் பங்கை இடையில் விலைக்கு வாங்கியவர்கள் வழக்குப் போடுகிறார்கள். வாசகத்தைச் சரிபார்க்கும் வழக்கறிஞரை ஏற்பாடு செய்து தருவதும் இன்டர்மீடியரியின் வேலைதான்.

ஆகவே பகுதி மேம்பாட்டு இடைத்தாங்ககம் எப்படி?

– த.பெ.

மடல் 6

த.பெ. அம்மா, கருத்து முழுக்கச் சரி. சொல்தான் பேருந்து நிறுத்தம் போல இருக்கிறது. :-)

கலைச்சொல் எல்லா வேலையையும் சுமக்கத் தேவையில்லை. வங்கி பெட்டகமும் வாடகைக்கு விடுகிறது. பெயரில் அது இல்லை. தவறான பொருள் தராதிருந்தால் போதும், மீதியை வரையறை பார்த்துக்கொள்ளும். சொற்றொடரில் போட்டுப் பார்க்கிறேன்: "பகுதி மேம்பாட்டுக் கழகம் முன்பணிக் கடனுக்கு இடைநிதியகத்தை அணுகியது." ஓடுகிறது. "இடைநிதியகத்தின் உள்ளூர்க் குழு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது." இதுவும் ஓடுகிறது.

இன்னொரு சொல்லும் தேவைப்படும். இலாப நோக்கற்ற அமைப்பு பங்கு வெளியிட முடியாது. அதனால் சொந்த முதல் (மூலதனம்) எளிதில் வளராது. முதல் வளராவிட்டால் மேலும் கடன் வாங்கவும் முடியாது. இதற்காக 1990-களில் 'ஈக்விட்டி ஈக்விவலன்ட்' என்ற ஏற்பாடு வந்தது. வங்கி தருவது கடன்தான். ஆனால் கடன் தந்த மற்ற எல்லாருக்கும் பிறகே பணம் பெறும் பின்னுரிமை, தவணை முடியும்போது தானாக நீளும் காலம், சாதாரணக் காரணங்களுக்காக முன்கூட்டியே திருப்பிக் கேட்க முடியாத நிபந்தனை. கடன் தரும் மற்றவர்கள் இதைச் சொந்த முதல் போலவே பாவிப்பார்கள். நலிந்த பகுதிகளுக்கும் கடன் தர வங்கிகளைத் தூண்டும் 1977 சமூக மறுமுதலீட்டுச் சட்டத்தின் கீழ் வங்கிக்கு மதிப்பெண் கிடைக்கும். பங்குநிகர்க் கடன் என்கிறேன்.

– கு.வ.

மடல் 7

பங்குநிகர்க் கடன்: சரி. துண்டு நிதி: சரி. இடைநிதியகம்: தொகுப்பில் இதையே சேர்க்கிறேன், த.பெ. சொன்ன திறன்வளர்ப்பு வரையறையின் முதல் வரியிலேயே வரும். மடல் 3-இன் 'பகுதி' எல்லா இடத்திலும். '1977 சமூக மறுமுதலீட்டுச் சட்டம்' என்பதையும் 'பகுதி மறுமுதலீட்டுச் சட்டம்' ஆக்கிவிடுகிறேன்.

ஒன்று மிச்சம். 'ரெக்கவரபிள் கிராண்ட்' என்பதற்கு 'மீட்கத்தக்க மானியம்' என்று எழுதியிருந்தேன். திட்டம் கைகூடினால் திருப்பித் தர வேண்டும், கைகூடாவிட்டால் வேண்டாம். மானியம் என்பதா, கடன் என்பதா?

– செ.ம.

மடல் 8

'மீட்கத்தக்க' என்றால் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் வந்து பிடுங்கலாம் என்ற தொனி இருக்கிறது. திருப்பித் தருவது ஒரே ஒரு நிபந்தனையில்: கட்டுமானக் கடன் கையெழுத்தானால். வெற்றித்திருப்பு மானியம் என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் புரளவில்லை. நிபந்தனைத் திருப்பு மானியம் நீளம், ஆனால் ஒப்பந்தத்தில் எழுதலாம். 'மானியம்' என்பதை விட வேண்டாம். 'கடன்' என்று போட்டுவிட்டால் கழகத்தின் தணிக்கையாளர் அதைப் பொறுப்பு பக்கத்தில் ஏற்றுவார், அடுத்த வங்கி அதைப் பார்த்துக் கடன் சுமை அதிகம் என்று கையை விரிக்கும்.

– ந.