லிம்ப் மோட்: தளர்நடையா, காப்புநடையா, அடங்குநடையா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் நடத்தும் மாலை நேர வாகனப் பழுதுபார்ப்பு வகுப்புக்கான தமிழ்க் கையேடு வரும் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழுதை உணர்ந்ததும் காரின் கணினி ஆற்றலைத் தானே குறைத்து, காரை மெதுவாக மட்டும் ஓடவிடும் நிலைக்கு 'லிம்ப் மோட்' என்று பெயர். பிரேக் பகுதியில் அந்த ஒரு சொல்லுக்கான தமிழ்தான் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. பத்து நாள்களாக வந்த மடல்கள் அனைத்தையும் படித்துவிட்டே இதை எழுதுகிறேன்.

நேர் மொழிபெயர்ப்பான 'நொண்டி நிலை' வேண்டாம் என்பதில் ஏறத்தாழ எல்லோரும் ஒன்றுபட்டுவிட்டோம். யாப்பிலேயே நொண்டிச் சிந்து இருக்கிறதே என்று கிள்ளான் நண்பர் கேட்டது சரிதான். ஆனாலும் என் வகுப்பில் ஊன்றுகோலுடன் வரும் மாணவர் ஒருவர் இருக்கிறார். அவர் முன்னால் அச்சொல்லை நான் சொல்ல மாட்டேன்.

பினாங்கு ஐயா முன்வைத்த 'தளர்நடை' கண்ணனின் பிள்ளை நடைக்குப் பெரியாழ்வார் ஆண்ட சொல். தளர், தள்ளாடு, தள்ளாமை ஆகிய மூன்றையும் ஒரே வேரில் நிறுத்தி ஐயா எழுதிய நீண்ட மடலை மாணவர்களுக்கும் படித்துக் காட்டினேன். ஆயினும் பட்டறையில் அச்சொல் தவறான இடத்தைச் சுட்டிவிடும் என்றே அஞ்சுகிறேன்.

சென்ற வாரம் ஒரு மாணவர் தம் மாமாவின் காரைக் கொண்டுவந்தார். எவ்வளவு முடுக்கினாலும் இயந்திரச் சுழற்சி நிமிடத்துக்கு 3000-ஐத் தாண்டவில்லை. கியரும் மூன்றிலேயே நின்றுவிட்டது. இயந்திரம் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டிய மூவர் பெட்ரோல் பம்பைக் கழற்றவே போய்விட்டார்கள். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் பி0504 என்ற பழுதுக் குறி. பிரேக் மிதிக்கு மேலே கட்டைவிரல் அளவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதிலுள்ள இரண்டு இணைப்புகளில், மிதியை அழுத்தும்போது ஒன்று மூட, மற்றொன்று திறக்க வேண்டும். இரண்டும் முரண்பட்ட செய்தியை அனுப்பியதால், ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறாரா இல்லையா என்பது கணினிக்கு விளங்காமல், அது ஆற்றலைத் தானே குறைத்துவிட்டது. காலை எடுத்த பிறகும் பிரேக் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்ததை, காரின் பின்பக்கம் போய் யாருமே பார்க்கவில்லை. சுவிட்சை மாற்றிக் குறியை அழித்ததும் கார் பழையபடி ஓடியது. அந்தக் காரில் எதுவும் தளரவில்லை; அது தன்னைத் தானே அடக்கிக்கொண்டது. சொல்லும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த எண்ணத்தில்தான் முதலில் 'காப்புநடை' என்று எழுதினேன். அதற்குப் பட்டர்வொர்த் அம்மையார் எழுப்பிய மறுப்பு என்னை உறங்கவிடவில்லை. காப்பு என்று கேட்ட வாடிக்கையாளர், தமக்குத்தான் பாதுகாப்பு என்று நம்பி, 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில் அந்தக் காரை ஓட்டிப் போவாரே என்றார். உண்மையில் காக்கப்படுவது பெரும்பாலும் இயந்திரமும் கியர்பெட்டியும்தான். சக்கர வேக உணரி கெட்டுக் கார் இந்நிலைக்கு வந்திருந்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யாமலும் இருக்கலாம். மழையில் சட்டென்று மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிரேக் பழுதை அறிவிக்கும் சொல்லே ஓட்டுநரை அசட்டையாக்கிவிடக் கூடாது. ஆகவே என் சொல்லை நானே திரும்பப் பெறுகிறேன்.

எஞ்சியது 'அடங்குநடை'. ஆமைபோல் ஐந்தடக்கல் என்ற குறளை ஈப்போ நண்பர் நினைவூட்டினார். சில மின்கார்களில் ஆற்றல் குறைக்கப்படும்போது ஆமை வடிவ விளக்கே எரிகிறது என்பதால் அந்த உவமை இன்னும் பொருந்துகிறது. அதே குறளில் பாதுகாப்பைக் குறிக்கும் 'ஏமாப்பு' என்ற சொல்லிலிருந்து அவர் வடித்த 'ஏமநடை'யை ஏற்க முடியவில்லை. வகுப்பில் சொல்லிப் பார்த்தபோது, பாதிப் பேர் காதில் அது எமன் என்றே விழுந்தது. அடக்கம் என்றால் நல்லடக்கம் நினைவுக்கு வருகிறதே என்ற கவலையும் எழுந்தது. மழை அடங்கியது, காய்ச்சல் அடங்கியது என்று நாள்தோறும் பேசுகிறோம். அவற்றில் சாவு ஒலிப்பதில்லை.

இதுவரை ஐவர் அடங்குநடைக்கும் மூவர் காப்புநடைக்கும் இசைவு தந்திருக்கிறார்கள். பினாங்கு ஐயா தளர்நடையை விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய மறுப்பைக் கையேட்டின் முன்னுரையில் பதிவுசெய்கிறேன். போமன்களிடம் (பட்டறை மெக்கானிக்குகளிடம்) 'லிம்ப் மோட்' என்றே பேச வேண்டியிருக்கும் என்பதால், முதல் இடத்தில் மட்டும் இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து அச்சிடுகிறோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் புதன்கிழமை இரவுக்குள் எழுதுங்கள்.