பூட்டான் அகதிகள்: எட்டு நாடுகளுக்கு அனுப்பியது சரியா?

கரிசல்காடு:
நேபாள முகாம்களில் கிடந்த பூட்டானின் லோட்ஷம்பா மக்களை, அதாவது தெற்கு பூட்டானில் வாழ்ந்த நேபாளி பேசும் மக்களை, 2007-க்குப் பிறகு அமெரிக்கா, கனடா என 8 நாடுகளில் குடியேற்றியதைப் பெரிய வெற்றி என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. 1988 கணக்கெடுப்பில் பூட்டான் அதிகாரிகள் குடியுரிமைக்கு ஆதாரமாக 1958-ஆம் வருட வரி ரசீதைக் கேட்டார்கள், முந்தின வருட ரசீதை நீட்டினாலும் செல்லாது. பிறகு ‘விருப்பப்பட்டே போகிறேன்’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு துரத்தினார்கள். இப்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை விமானம் ஏற்றியாயிற்று, பூட்டானை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

தாமிரா:
கேட்காமலா இருந்தார்கள்? பூட்டான், நேபாளம் இரண்டு நாடுகளும் வருடக்கணக்கில் பேசின. கூட்டுக் குழு ஒன்று குதுனாபாரி முகாமில் ஒவ்வொரு குடும்பமாக விசாரித்து 2003-ல் முடிவு சொன்னது: கட்டாயமாக வெளியேற்றப்பட்டவர்கள் இரண்டரை சதவீதம்தானாம், சுமார் 70 சதவீதம் பேர் தாங்களாகவே போனவர்களாம். நீங்கள் சொன்ன அந்தக் கையெழுத்து எதற்கு உதவியது என்று தெரிகிறதா? முகாமில் இருந்ததோ மூங்கில் தட்டிக் குடிசை, 2008-ல் கோல்தாப் முகாமே எரிந்து போனது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் நீதி கிடைக்கும்வரை பொறு என்று சொல்ல நாம் யார்?

மேட்டுத்தெரு:
தாமிரா சொல்வது பிள்ளைகளுக்குப் பொருந்தும். பெரியவர்கள்? அமெரிக்காவில் குடியேறிய இவர்களிடையே தற்கொலை விகிதம் அந்நாட்டுச் சராசரியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அங்குள்ள நோய்க்கட்டுப்பாட்டு மையமே 2013-ல் சொன்னது. கொண்டுபோய் இறக்கினால் மட்டும் போதுமா, மொழி தெரியாத ஊரில் கூட யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டாமா?

கரிசல்காடு:
அதோடு 2025-ஐயும் பாருங்கள். குற்ற வழக்கைக் காட்டி அமெரிக்கா சிலரை பூட்டானுக்கே திருப்பி அனுப்பியது, பூட்டான் அவர்களை இந்திய எல்லையில் கொண்டுவந்து விட்டது, அங்கிருந்து நேபாளம் போனவர்களை அனுமதியின்றி நுழைந்ததாகக் கைது செய்தார்கள். பூட்டானைத் தப்பவிட்டதன் பலன் இதுதான்.

தாமிரா:
அது அநியாயம், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அவர்கள் மாட்டிக்கொண்டதே கையில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாததால்தான். அமெரிக்கக் குடிமக்களாகிவிட்டவர்களை இப்படித் தூக்கிப் போட முடியாது. பெல்டாங்கி முகாமில் இன்னும் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள், ஊருக்குத்தான் போவேன் என்பவர்களும் அதில் உண்டு. அவர்களுக்காக பூட்டானை நெருக்குங்கள், நானும் வருகிறேன். முதலில் டில்லியிடம் கேட்போம், 1990-களில் இவர்கள் இந்திய மண் வழியாகத்தானே நேபாளம் போனார்கள், அப்போதிலிருந்து இது இரு நாட்டு விவகாரம் என்று ஒதுங்கியே நிற்கிறது. ஆனால் போனவர்கள் போயிருக்கவே கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.